வௌவாலின் சிறகுக்குள் ஏன் விரல்கள்?

"மனிதனின் கை, வௌவாலின் சிறகு, திமிங்கிலத்தின் துடுப்பு, குதிரையின் முன்னங்கால் எல்லாம் ஒரே மாதிரி எலும்புகளால் ஆனவை என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கிறார்கள். சரி, ஒத்திருக்கின்றன. அதை வைத்து இவை ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்று எப்படிச் சொல்வது? ஒரே கைவண்ணத்தில் படைக்கப்பட்டவை என்றும் சொல்லலாமே?" இதுதான் கேள்வி.

நியாயமான சந்தேகம். பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லும் விதத்திலேயே ஓட்டை இருக்கிறது. "ஒத்திருக்கிறது, ஆகவே உறவு" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். வெறும் ஒற்றுமை எதையும் நிரூபிக்காது. சுறாவும் டால்பினும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன. ஆனால் டால்பினுக்கு சுறாவைவிட நீங்களும் நானும்தான் நெருங்கிய சொந்தம். ஒப்பீட்டு உடற்கூறியலில் சான்றாக நிற்பது வேறு: செய்யும் வேலைக்குத் தேவையே இல்லாத ஒற்றுமை. அதிலும், வேலைக்கு இடைஞ்சலாகவே இருக்கும் ஒற்றுமை இன்னும் வலுவான சான்று.

முதலில் அந்தக் கையையே எடுத்துக்கொள்வோம். மேற்கையில் ஒரே எலும்பு. முன்கையில் இரண்டு. மணிக்கட்டில் கூழாங்கற்களைக் கொட்டியது போலச் சின்னச் சின்ன எலும்புகள். அதற்கப்புறம் உள்ளங்கை, விரல்கள். இந்த வரிசை நமக்குப் பொருத்தமானதுதான். பிடிக்கிறோம், திருகுகிறோம், எழுதுகிறோம். திமிங்கிலத்தின் துடுப்புக்கு இது எதற்கு? அது தோளில் மட்டும்தான் அசையும். முழங்கை மூட்டு கிட்டத்தட்ட இறுகிப் போயிருக்கும். வெளியே பார்த்தால் ஒரே பலகை. தோலை உரித்துப் பார்த்தால் உள்ளே மேற்கை, முன்கை, மணிக்கட்டு, விரல்கள் எல்லாம் வரிசை மாறாமல் இருக்கின்றன. தண்ணீரைத் தள்ள ஒரு பலகை வேண்டும் என்றால் அதற்குள் விரல் எலும்புகளை அடுக்க வேண்டிய அவசியம் என்ன? மீன்களின் துடுப்புகள் இந்த வரிசை இல்லாமலேயே அருமையாக வேலை செய்கின்றனவே!

குதிரையைப் பக்கத்திலிருந்து பார்த்தால், முன்னங்காலின் நடுவில் முட்டி போல ஒன்று இருக்கும். அது முட்டியல்ல, மணிக்கட்டு. அதற்குக் கீழே இருப்பது முழுக்க 'கை'. தரையில் படும் குளம்பு நடுவிரலின் நகம். குதிரை நான்கு நடுவிரல்களின் நுனியில் நின்றுகொண்டிருக்கிறது. அந்த நடுவிரலுக்குப் போகும் தடித்த எலும்பின் பின்பக்கம் இரு ஓரங்களிலும் குச்சி போல இரண்டு எலும்புகள் ஒட்டிக்கொண்டு இறங்கி, பாதி வழியில் கூராக முடிந்துபோகும். ஆள்காட்டி விரலுக்கும் மோதிர விரலுக்கும் போயிருக்க வேண்டிய எலும்புகள் அவை. விரல்கள் போய்விட்டன, வேர்கள் நிற்கின்றன.

ஐந்து விரல் என்பதும் ஏதோ புனிதமான எண் அல்ல. நான்கு கால் விலங்குகளில் மிகப் பழையவற்றில் ஒன்றான அகாந்தோஸ்டெகாவுக்கு எட்டு விரல்கள் இருந்தன. அதுபோன்ற இன்னொரு பழைய விலங்கான இக்தியோஸ்டெகாவின் பின்னங்காலில் ஏழு. பின்னால் ஒரு கிளையில் ஐந்து என்று நிலைத்தது. அந்தக் கிளையில் வந்தவர்கள் எல்லோரும் அந்த ஐந்தை வைத்தே ஏதோ ஒன்றைச் செய்ய வேண்டியதாயிற்று. 'ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் பல' என்ற கை வரிசைக்கும் இன்னும் பழைய வேர் உண்டு. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004இல் கிடைத்த டிக்டாலிக் என்ற, சுமார் 37.5 கோடி ஆண்டுப் பழமையான மீனின் துடுப்புக்குள்ளேயே அது இருக்கிறது.

கழுத்தையும் பாருங்கள். ஒட்டகச்சிவிங்கிக்கு ஏழு கழுத்தெலும்பு. சுண்டெலிக்கும் ஏழு. கழுத்து என்ற ஒன்று வெளியே தெரியவே தெரியாத டால்பினுக்கும் ஏழு. தட்டையாக நசுங்கி, சில ஒன்றோடொன்று ஒட்டியே போயிருக்கும், ஆனாலும் ஏழு. பாலூட்டிகளில் மரத்தில் தொங்கும் சோம்பல் விலங்கான ஸ்லாத்தும், கடற்பசு வகையான மானட்டியும்தான் இதற்கு விலக்கு. பறவைகளோ கழுத்தின் நீளத்துக்குத் தக்கபடி பதிமூன்று முதல் இருபத்தைந்து வரை வைத்திருக்கின்றன. நீளமான கழுத்து வேண்டும் என்றால் எலும்புகளைக் கூட்டுவது எளிய வழி என்று அன்னப்பறவை காட்டுகிறது. ஒட்டகச்சிவிங்கிக்கு அந்த வழி இல்லை. இருக்கிற ஏழையே ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் நீளும்படி இழுத்துக்கொண்டது.

இப்போது 'ஒரே கைவண்ணம்' என்ற வாதத்துக்கு வருவோம். ஒரே வடிவமைப்பாளர் நல்ல யோசனைகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார் என்றால், அந்த யோசனைகள் தேவைப்படும் இடமெல்லாம் தென்பட வேண்டும். அப்படித் தென்படவில்லை. பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பறப்பதற்கு அது பிரமாதமான ஏற்பாடு. வௌவாலும் பறக்கிறது. அதற்குக் கிடைத்திருப்பதோ நம்முடையதைப் போல உள்ளே இழுத்து வெளியே விடும் பை. காரணம், அது பாலூட்டி. திமிங்கிலம் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிறது. அதற்குச் செவுள் கிடையாது, மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். நல்ல ஏற்பாடுகள் தேவையைப் பார்த்துப் போவதில்லை, வம்சத்தைப் பார்த்தே போகின்றன.

சிறகுகளே இதற்கு நல்ல உதாரணம். முதுகெலும்புள்ளவற்றில் மூன்று கூட்டங்கள் தனித்தனியாகப் பறக்கக் கற்றன. பறவை விரல்களைக் குறைத்து ஒட்டவைத்து, கையில் இறகுகளை முளைக்கவிட்டது. வௌவால் கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களையும் குடைக் கம்பி போல நீட்டி இடையில் தோலைக் கட்டியது. டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வனவான டெரோசார்கள் நான்காவது விரல் ஒன்றை மட்டும் அபாரமாக நீட்டி, அதிலிருந்து உடல்வரை தோலை விரித்தன. சிறகு என்ற அளவில் மூன்றும் வேறு வேறு. வேலை மட்டும் ஒன்று, ஆகவே இவை செயலொத்த உறுப்புகள். கை என்ற அளவில் மூன்றும் ஒன்றே, அமைப்பொத்த உறுப்புகள். ஒரே உறுப்பை எடுத்துவைத்து இரண்டு சொற்களுக்கும் பொருள் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

சுறா, டால்பின் இரட்டை வேடமும் இப்படித்தான் கலைகிறது. வாலைக் கவனித்தால் போதும். சுறாவின் வால் செங்குத்தாக நிற்கும், பக்கவாட்டில் அடிக்கும். டால்பினின் வால் கிடைமட்டமாக இருக்கும், மேலும் கீழும் அடிக்கும். பாய்ந்தோடும் சிறுத்தையின் முதுகு வளைந்து நிமிர்வதும் மேல்கீழாகத்தான். தரையில் ஓடிய பாலூட்டியின் முதுகெலும்பு கடலுக்குப் போன பிறகும் தன் பழக்கத்தை விடவில்லை.

இதுவரை சொன்னவை 'தேவையில்லாத ஒற்றுமை'. இடைஞ்சலான ஒற்றுமைக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். அதைச் சற்று நிதானமாகவே பார்க்கலாம்.

மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பிலிருந்து ஒரு கிளை குரல்வளைக்குப் போகிறது. மூளைக்கும் குரல்வளைக்கும் இடையே ஒரு சாண் தூரம் இருக்குமா? நேராகப் போயிருக்கலாம். ஆனால் இடப்பக்க நரம்பு குரல்வளையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்தை ஒட்டிய பெருந்தமனி வளைவுக்கு அடியில் நுழைந்து திரும்பி, மறுபடி கழுத்தில் ஏறிக் குரல்வளைக்கு வருகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அது. மருத்துவத்தில் இதற்குப் பெயரே 'மீள் குரல்வளை நரம்பு'. ஒட்டகச்சிவிங்கியிலும் இதே வழிதான். அந்த நெடிய கழுத்து முழுக்க இறங்கி, முழுக்க ஏறி, மொத்தம் நான்கு மீட்டருக்கு மேல் பயணம்.

ஏன்? மீனைப் பார்த்தால் புரியும். மீனில் இதயம் தலைக்கு நெருக்கமாக, செவுள்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதயத்திலிருந்து ஒவ்வொரு செவுளுக்கும் ஒரு தமனி வளைவு. வேகஸின் கிளைகள் ஒவ்வொன்றும் அந்தந்த வளைவுக்குப் பின்புறமாகச் செவுளுக்குப் போகும். அங்கே அதுதான் நேர்வழி. சுற்று ஒன்றும் இல்லை. நம் கருவிலும் ஆரம்பத்தில் அதே ஏற்பாடு: இதயம் கழுத்துப் பகுதியில், தமனி வளைவுகள் ஜோடி ஜோடியாக, நரம்பு ஆறாவது வளைவுக்குப் பின்னால். கரு வளர வளரக் கழுத்து நீள்கிறது, இதயம் நெஞ்சுக்குள் இறங்குகிறது. வளைவில் மாட்டிக்கொண்ட நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது.

இந்த விளக்கம் சரியா என்று சோதிக்கவும் வழி உண்டு. வலப்பக்க நரம்பு இவ்வளவு தூரம் இறங்குவதில்லை. வலத் தோளுக்குப் போகும் தமனியைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறது. இரண்டு பக்கமும் ஏன் ஒன்றுபோல் இல்லை? கருவில் வலப்பக்கம் ஆறாவது வளைவின் அந்தப் பகுதி மறைந்துவிடுகிறது, ஐந்தாவதும் நிலைப்பதில்லை. ஆகவே நரம்பு நழுவி மேலேறி நான்காவது வளைவில் மாட்டுகிறது. அந்த நான்காவதுதான் பின்னாளில் வலத் தோளுக்கான தமனியின் தொடக்கம். மிகச் சிலருக்கு, நூற்றில் ஒருவர் அல்லது அதற்கும் குறைவாக, அந்தத் தமனி வேறு வழியில் உருவாகிவிடும். அவர்களுக்கு மாட்டிக்கொள்ள எதுவும் இல்லாததால் வலப்பக்க நரம்பு நேராகக் குரல்வளைக்குப் போகிறது. பேச்சுக்கும் ஒன்றும் குறைவில்லை. தைராய்டு அறுவை செய்பவர்கள் இதைப் பயத்தோடு நினைவில் வைத்திருப்பார்கள், எதிர்பாராத இடத்தில் நரம்பு குறுக்கிட்டால் கத்தி பட்டுவிடும் என்பதால். நம் கேள்விக்கு இதில் கிடைப்பது, நேர்வழியும் நன்றாகவே வேலை செய்யும் என்பது. சுற்றுவழி தேவைக்காக வந்தது என்று இனி சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்த சான்று நரம்பு அல்ல, காது. காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். தாடை மூட்டு விரலடியில் நகர்வது தெரியும். காதும் தாடையும் இப்படி ஒட்டியிருப்பது தற்செயல் அல்ல.

பாலூட்டிகளின் நடுக்காதில் மூன்று எலும்புகள்: சுத்தி, பட்டடை, அங்கவடி. ஊர்வனவற்றிலும் பறவைகளிலும் ஒன்றுதான். அதே சமயம், நம் கீழ்த்தாடையின் ஒவ்வொரு பாதியும் ஒரே எலும்பு. ஊர்வனவற்றில் அது பல எலும்புகளின் கூட்டு. தாடை மூட்டும் வேறு இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் இரண்டு எலும்பு கூடுதல், இன்னொரு பக்கம் குறைவு. 1837இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் ரைஹெர்ட் பாலூட்டிகளின் கருக்களை அறுத்துப் பார்த்து, கணக்கை நேர் செய்தார்: நம் சுத்தியும் பட்டடையும் ஊர்வனவற்றின் தாடை மூட்டு எலும்புகளேதான். கருவில் அவை தாடையோடு சேர்ந்தே தோன்றி, பிறகு பிரிந்து காதுக்குள் ஒதுங்குகின்றன. ஆண்டைக் கவனியுங்கள். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளியானது 1859இல். அதற்கு 22 ஆண்டுகள் முன்னால், பரிணாமத்தை நிரூபிக்கும் நோக்கம் ஏதுமின்றிச் சொல்லப்பட்டது இது.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? தாடை மூட்டு ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எப்படி மாறும்? நடுவில் ஒரு தலைமுறை இரையை மெல்ல முடியாமல் பட்டினி கிடந்ததா? நல்ல எதிர்வாதம். பதில் பாறைகளிலிருந்து வந்தது. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, எலியளவே இருந்த மோர்கனுக்கோடான் என்ற விலங்கின் தாடையில் இரண்டு மூட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பழையதும் வேலை செய்தது, புதியதும் வேலை செய்தது. புதியது பாரத்தை ஏற்றுக்கொண்ட பிறகு பழையது மெலிந்து, கேட்கும் வேலைக்கு முழுநேரமாகப் போனது. இன்றும், கங்காரு போன்ற பைம்மா விலங்கான ஒப்பொசத்தின் குட்டிகள் பிறக்கும்போது புதிய மூட்டு உருவாகியிருப்பதில்லை. முதல் சில வாரங்கள் பழைய எலும்புகளின் தயவில்தான் பால் குடிக்கின்றன.

எச்ச உறுப்புகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஓர் எச்சரிக்கையைத் தவிர. 'எச்சம்' என்றால் பயனற்றது என்று பொருள் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனித உடலில் எண்பதுக்கு மேற்பட்ட எச்ச உறுப்புகள் என்று பட்டியல் போட்டார்கள். அவற்றில் பலவற்றுக்கு வேலை இருப்பது பிறகு தெரிந்தது. அதை வைத்துப் பரிணாமமே பொய் என்று வாதிடுவோர் உண்டு. எச்சம் என்பது தன் முதல் வேலையை இழந்தது, அவ்வளவே. திமிங்கிலத்தின் உடலுக்குள் தசையில் மிதக்கும் இரண்டு இடுப்பெலும்புகளில் இனப்பெருக்க உறுப்பின் தசைகள் பற்றியிருக்கின்றன. ஆகவே பயன் உண்டு. ஆனால் எந்தக் காலையும் தாங்காத இடுப்பெலும்பு அது. டால்பின் கருவில் பின்னங்கால் மொட்டுகள் தோன்றிச் சில வாரங்களில் கரைந்துபோகின்றன. 1919இல் கனடாவின் வான்கூவர் தீவுக்கு அருகே பிடிபட்ட கூனல் திமிங்கிலம் ஒன்றுக்கு அவை கரையாமல், ஒரு மீட்டருக்கு மேல் நீண்ட இரு கால்களாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இதை முதுமரபு மீட்சி என்பார்கள்.

இன்னொரு வேண்டுகோள்: கருக்களை வரிசையாக வைத்து ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் வரைந்த பழைய படங்களைச் சான்றாகக் காட்டாதீர்கள். ஒற்றுமையை மிகைப்படுத்தி வரைந்தவை அவை. உண்மையான கருக்களே போதுமான அளவு பேசுகின்றன.

இதைவிடக் கூர்மையான ஓர் ஆட்சேபம் இருக்கிறது. 'ஒரே மூதாதையிடமிருந்து வந்த உறுப்புகளே அமைப்பொத்தவை' என்று இலக்கணம் சொல்லிவிட்டு, அமைப்பொத்த உறுப்புகள் மூதாதைக்குச் சான்று என்பது சுற்றி வளைத்து அதையே சொல்வதல்லவா? இலக்கணம் அப்படிப் பிறக்கவில்லை. பிரான்ஸின் இயற்கையியலாளர் பியர் பெலான் ஒரு பறவையின் எலும்புக்கூட்டையும் மனிதனுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து எலும்புக்கு எலும்பு பெயரிட்டது 1555இல். அமைப்பொப்புக்கு வரையறை தந்த ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1843இல் சொன்னது, வடிவமும் வேலையும் எப்படி மாறினாலும் வெவ்வேறு விலங்குகளில் இருக்கும் அதே உறுப்பு என்பதுதான். எது 'அதே உறுப்பு' என்பதை, எந்த எலும்பு எதோடு இணைகிறது, கருவில் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்தே முடிவு செய்தார்கள். ஓவன் டார்வினைக் கடுமையாக எதிர்த்தவர். ஒற்றுமையைக் கண்டவர் ஒருவர். அதற்குக் காரணம் சொன்னவர் இன்னொருவர்.

அந்தக் காரணம் சரியா என்பதற்கு வேறு வழியிலிருந்து வரும் சோதனையும் வேண்டும். அதில் உடற்கூறியல் ஒருமுறை சறுக்கியும் இருக்கிறது. திமிங்கிலங்களின் மூதாதை யார் என்று பல்லை வைத்துத் தேடியவர்கள், மெசோனிகிட் என்ற, குளம்பு இருந்தும் ஊன் தின்ற ஒரு பழைய கூட்டத்தைக் கைகாட்டினார்கள். டிஎன்ஏ ஒப்பீடு வந்தபோது அது வேறு கதை சொன்னது: திமிங்கிலத்துக்கு உயிரோடு இருக்கும் நெருங்கிய சொந்தம் நீர்யானை. அப்படியானால் ஆதித் திமிங்கிலங்களின் கணுக்காலில் ஆடு, மான், நீர்யானை வகையறாவுக்கே உரிய, இரண்டு முனையிலும் கப்பி போல வழுக்கும் எலும்பு இருந்தாக வேண்டும். இன்றைய திமிங்கிலத்துக்குக் கணுக்கால் கிடையாது, பார்க்க வழியில்லை. பாகிஸ்தானில் கிடைத்து 2001இல் அறிவிக்கப்பட்ட, கால்களோடு கூடிய பழைய திமிங்கிலங்களின் எச்சங்களில் அந்த எலும்பு இருந்தது. இரட்டைக் கப்பியோடு. பல்லை நம்பியவர்களில் முக்கியமானவர்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

இதன் தொடர்ச்சி ஜம்மு காஷ்மீரில். அங்கே கலாகோட் பகுதியில் இந்திய நிலவியலாளர் ரங்கா ராவ் சேகரித்துவைத்த பாறைகளில், பூனையளவே ஆன, மெலிந்த மான் போன்ற ஒரு விலங்கின் எலும்புகள் இருந்தன. இண்டோஹையஸ் என்று பெயர். அவற்றைச் சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோடு தவறுதலாக உடைந்து, காதெலும்பு தனியே வந்துவிட்டது. நடுக்காதை மூடும் அந்தச் சிப்பி போன்ற எலும்பின் உள்பக்கச் சுவர் தடித்திருந்தது. அந்தத் தடிப்பு அதுவரை திமிங்கிலங்களில் மட்டுமே காணப்பட்டது. 2007இல் தொல்லுயிரியலாளர் தெவிசனின் குழுவினர் அதை வெளியிட்டார்கள்: நான்கு காலில் நின்ற, குளம்புள்ள ஒரு சிறு விலங்கு, காதுக்குள் திமிங்கிலம்.